மட்டிப்பழ மஃபின்: கோதுமை, கருப்பட்டி, தேங்காயெண்ணெய்ல சுடுற வழியும் போன்ல போட்டோ எடுக்குற வழியும்

மஃபின் ரெசிப்பின்னு தேடினா முதல்ல வர்றது எல்லாம் ப்ளூபெரி, க்ரான்பெரி, ஆப்பிள் சாஸ். நாகர்கோவில்ல அதுவும் கிடைக்காம இல்ல, பெரிய சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்ல கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும். ஆனா வடசேரி கனகமூலம் சந்தைக்குள்ள ஒரு நடை போனா மட்டி, ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோட்டான், பேயன்னு வாழை குலை குலையா தொங்குற ஊர்ல இருந்துகிட்டு அந்த ஃப்ரீசர் பாக்கெட்டுக்கு எதுக்கு காசு குடுக்கணும் மக்கா? அதனால இது நம்ம ஊர் பழத்துக்கான முறை. மைதா இல்ல, வெள்ளை சீனி இல்ல, வெண்ணெயும் இல்ல.

ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கிட்டா போதும், பழத்துல எவ்வளவு வெள்ளம் (தண்ணிய தான் நாங்க அப்படி சொல்வோம்) இருக்கோ அதுக்கு தக்கன தான் மத்த எல்லாமே. யாரோ எங்கயோ எழுதின அளவுல ப்ளூபெரிய எடுத்துட்டு அதே ஒரு கப்புக்கு அன்னாசிய போட்டா உள்ள களி மாதிரி தான் இருக்கும், அதுக்கு ஓவன குறை சொல்லி பிரயோஜனம் இல்ல.

முதல்ல மட்டி. சின்ன பழம், தோல் ரொம்ப மெல்லிசு, உரிச்ச உடனே தேன் வாசம் அடிக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கம் தான் நிறைய விளையுது, 2023ல கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. மஃபினுக்கு மஞ்சளா பளபளன்னு இருக்குற பழத்த வாங்காதீங்க, அது சாமிக்கு வைக்கவும் சாப்பாட்டுக்கு அப்புறம் திங்கவும் கொள்ளாம், அதாவது நல்லா இருக்கும். நமக்கு வேண்டியது தோல்ல கறுப்பு புள்ளி விழுந்து, விரல வச்சா அமுங்குற பழம். பழுக்க பழுக்க மாவுச்சத்து இனிப்பா மாறிடும், அதனால கருப்பட்டியும் கம்மியா போட்டா போதும். கடைக்காரர் ஓரமா ஒதுக்கி வச்சிருக்குற சீப்ப கேட்டா விலையும் குறைச்சு தருவாரு. ஆனா காம்பு பக்கம் கசிஞ்சு புளிச்ச வாடை வந்தா வேண்டாம், அது பழுத்தது இல்ல, கெட்டது.

அளவு சொல்றேன், பன்னிரண்டு மஃபினுக்கு. கோதுமை மாவு 250 கிராம் (240 மில்லி கப்புல ரெண்டு கப் வரும்), பேக்கிங் பவுடர் ஒண்ணரை டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், சாதா உப்பு கால் டீஸ்பூன். உரிச்சு எடை போட்ட மட்டிப்பழம் 300 கிராம், பழத்தோட சைஸ பொறுத்து எட்டு பத்து வரும். கருப்பட்டி 130 கிராம், அத உருக்க கால் கப் வெள்ளம், முட்டை ரெண்டு, தேங்காயெண்ணெய் 80 மில்லி, புளிச்ச தயிர் நாலு டேபிள்ஸ்பூன். வாசத்துக்கு ஏலக்காய் நாலு, கிராம்பு ரெண்டே ரெண்டு. கிராம்பு மாறாமலை பக்கத்துல இருந்து வர்றது கிடைச்சா வாங்கிக்கோங்க, எண்ணெய் சத்து ஜாஸ்தி, நல்ல காரமா இருக்கும், அதனால தான் ரெண்டுன்னு சொல்றேன், மூணு போட்டா பல்வலிக்கு மருந்து வச்ச மாதிரி ஆயிடும். முந்திரி ஒரு கைப்பிடி உடைச்சு போடலாம், நம்ம மாவட்டத்துல முந்திரி ஆபீஸ் (முந்திரி உடைக்குற தொழிற்சாலை) இல்லாத பக்கம் கம்மி தான, தெரிஞ்சவங்க யாராவது இருந்தா உடைஞ்ச பருப்பு விலை குறைவா கிடைக்கும், மஃபினுக்கு அது தாராளம்.

கருப்பட்டிய பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும். அத சீவி நேரா மாவுல போட்டீங்கன்னா கடிக்கும்போது மண்ணு நற நறங்கும், எவ்வளவு நல்ல கருப்பட்டியா இருந்தாலும் அடியில கொஞ்சம் தூசி மண்ணு இருக்கத்தான் செய்யும். உடைச்சு கால் கப் வெள்ளத்துல போட்டு சின்ன தீயில கரையுற வரைக்கும் மட்டும் வைங்க, பாகு காச்ச வேண்டாம். அப்புறம் சாயா அரிப்புல வடிகட்டி ஆற விடணும். முழுசா ஆறணும், கை வச்சா சூடே தெரியக்கூடாது, இல்லன்னா முட்டைய ஊத்தின உடனே அது வெந்து திரி திரியா நிக்கும். சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில ஓடுது. உடைச்ச இடம் ரொம்ப வெளுப்பா, சீனி மணி மாதிரி மினுங்கினா எனக்கு சந்தேகம் தான், கொஞ்சம் கிள்ளி வாயில போட்டு பாருங்க, வெறும் இனிப்பு மட்டும் இல்லாம லேசா உப்பும் புகையும் சேர்ந்த ஒரு ருசி பின்னால வரணும். இன்னொரு விஷயம், கருப்பட்டி போட்டதால சுகர் உள்ளவங்க நாலு மஃபின் திங்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதுவும் சர்க்கரை தான். ருசிக்கும் நிறத்துக்கும் தான் நான் போடுறேன், மருந்தா நினைச்சு இல்ல.

சோடா உப்பு ஏன் தயிர் ஏன்னு கேப்பீங்க. சோடாவுக்கு ஒரு புளிப்பு வேணும், புளிப்பு பட்டா தான் அது நுரைச்சு காத்த விடும், புளிப்பு பத்தலன்னா சோப்பு ருசி அடிக்கும். மட்டியிலயும் கருப்பட்டியிலயும் கொஞ்சம் புளிப்பு இருக்கு, மீதிய தயிர் பாத்துக்கும். நம்ம ஊர் ஈரக்காத்துல பேக்கிங் பவுடர் சீக்கிரம் செத்துப்போகும், தென்மேற்கு மழை வடகிழக்கு மழைன்னு ரெண்டும் வாங்குற ஊரு இல்லியா. டப்பாவ திறந்து ரொம்ப நாளாச்சுன்னா அரை ஸ்பூன் எடுத்து கொதிக்கிற வெள்ளத்துல போடுங்க, பொங்கி நுரைச்சா உயிரோட இருக்கு, சும்மா கரைஞ்சு போச்சுன்னா புதுசு வாங்குங்க.

இனி கலக்குற வேலை. இங்க தான் கைய அடக்கணும். ஒரு பாத்திரத்துல மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, பொடிச்ச ஏலம் கிராம்பு எல்லாத்தையும் சலிச்சு வைங்க, சலிச்சதுல தங்குற தவிட்ட தூர போடாம திரும்ப அதுலயே கொட்டிடுங்க, அது தான சத்து. இன்னொரு பாத்திரத்துல பழத்த ஃபோர்க்கால மசிச்சு (மிக்ஸி வேண்டாம், கூழா போயிடும், அங்கங்க ஒரு துண்டு தட்டுப்படுறது தான் நல்லது), அதுல ஆறின கருப்பட்டி வெள்ளம், முட்டை, தயிர், எண்ணெய் எல்லாம் ஊத்தி அடிங்க. முட்டையும் தயிரும் ஃப்ரிட்ஜ்ல இருந்து அப்படியே எடுத்து ஊத்தாதீங்க, தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்கு கீழ போனா உறைய ஆரம்பிச்சிடும், குளுந்த தயிர் பட்டா குட்டி குட்டி வெள்ளை மணியா திரிஞ்சு நிக்கும். ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வச்சிட்டா பிரச்சனை இல்ல.

அப்புறம் ஈரத்த மாவுல ஊத்தி அகப்பையால அடியில இருந்து மேல புரட்டுங்க. காஞ்ச மாவு கண்ணுல படாம போற வரைக்கும் தான், அதோட நிறுத்திடணும். கட்டி இருந்தா இருக்கட்டும். தோசை மாவு கரைக்குற கை நமக்கு, கட்டிய பாத்தா சும்மா விடாது, ஆனா கோதுமைய போட்டு அடிக்க அடிக்க அதுல இருக்குற பசை இழுவையா மாறி மஃபின் ரப்பர் ஷீட்டு ஆயிடும், ரப்பர் ஷீட்டுக்கு குலசேகரம் பக்கம் பால் எடுக்குறவங்க இருக்காங்க, நாம அத சுட வேண்டாம். உள்ள நீளமா சுரங்கம் மாதிரி ஓட்டை விழுறதும் இதே காரணத்தால தான். கலக்கின மாவ பத்து நிமிஷம் அப்படியே வைங்க, மில்லுல அரைச்ச கோதுமை மாவு மைதாவ விட நிறைய வெள்ளம் குடிக்கும், அதுக்கு நேரம் குடுக்கணும், இல்லன்னா வாயில தவிடு தவிடா தட்டும். பத்து நிமிஷம் கழிச்சு அகப்பைய தூக்கினா மாவு ஓடாம தொப்பு தொப்புன்னு விழணும். அப்பவும் ஊத்துற பதத்துல இருந்தா ரெண்டு ஸ்பூன் மாவு தூவி ரெண்டு புரட்டு, அவ்வளவு தான்.

அந்த பத்து நிமிஷத்துல ஓவன் 200 டிகிரிக்கு சூடாகட்டும். பேப்பர் கப்ப மஃபின் டிரேயில வச்சு முக்கால் வரைக்கும் நிரப்புங்க. பேப்பர் கப்ப மட்டும் தனியா தட்டுல வச்சு மாவு ஊத்தினா பக்கவாட்டுல விரிஞ்சு தட்டையா போகும், டிரே இல்லன்னா சின்ன எவர்சில்வர் கிண்ணத்துக்குள்ள வைக்கலாம். 200ல முதல் அஞ்சு நிமிஷம், அப்புறம் 180க்கு குறைச்சு பதினஞ்சுல இருந்து பதினெட்டு நிமிஷம். முதல்ல அந்த சூடு பட்டா தான் ஓரம் சட்டுன்னு வெந்து இறுகி, நடு மட்டும் பொங்கி குடை மாதிரி எழும்பி மேல வெடிக்கும், போட்டோவுக்கும் அந்த வெடிப்பு தான் அழகு. ஒரு ஈர்க்க குத்தி பாருங்க, மாவு ஒட்டாம ஒண்ணு ரெண்டு ஈரத் துகள் மட்டும் ஒட்டி வந்தா எடுத்துடலாம். ஈர்க்கு சுத்தமா காஞ்சு வர்ற வரைக்கும் விட்டா அதுவே அதிகம்.

நடுவுல கரண்ட் போனா பதறி கதவ திறக்காதீங்க. ஓடிஜி (மேசை மேல வைக்குற சின்ன கரண்ட் ஓவன்) 1200 வாட்ஸ்க்கு மேல இழுக்குறதால வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது, அத மாட்டி பாக்கவும் வேண்டாம். கதவு மூடியே இருந்தா உள்ள இருக்குற சூட்டுலயே கொஞ்ச நேரம் வேகும், பாதிக்கு மேல வெந்த அப்புறம் கரண்ட் போச்சுன்னா பெரும்பாலும் தப்பிச்சிடும். ஆரம்பத்துலயே போச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது, நடு அமுங்கும், பாலுல முக்கி தின்னுக்க வேண்டியது தான்.

ஓவன் இல்லாதவங்க கனமான பழைய சட்டி ஒண்ணுல அடியில மணல் இல்லன்னா உப்பு பரப்பி, மேல ஒரு ஸ்டாண்ட் வச்சு, மூடி பத்து நிமிஷம் மிதமான தீயில சூடாக்கிட்டு கிண்ணத்த உள்ள இறக்கி சின்ன தீயில இருபத்தஞ்சு முப்பது நிமிஷம் வைக்கலாம். நல்லாவே வேகும், ஆனா மேல இருந்து சூடு வராததால மேல்பக்கம் சிவக்காது, வெளிறி இருக்கும். ருசியில குறை இல்ல.

மட்டி கிடைக்காத நேரம் ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) போடலாம், அது மாவு மாதிரி காஞ்ச பழம், அதனால தயிர் ரெண்டு ஸ்பூன் கூட்டணும், தோல் கறுத்து போன பழமா இருக்கணும். செந்துளுவன் நல்ல வாசம், அளவு மட்டி மாதிரியே. பாளையங்கோட்டான் மலிவு, புளிப்பும் கொஞ்சம் உண்டு, அதுவும் கொள்ளாம். மாம்பழ சீசன்ல செங்கவருக்கை கிடைச்சா அத மஃபினுக்கு போட எனக்கு மனசு வராது, அது கையில பிடிச்சு உறிஞ்சி திங்கவேண்டிய பழம், வேற ஒட்டு மாம்பழம் எதையாவது போடுங்க.

அன்னாசி தான் தனி கேஸ். பச்சையா நறுக்கி தயிர் கலந்த மாவுல போட்டா ரெண்டு கெடுதல், ஒண்ணு வெள்ளம் விடும், ரெண்டாவது அதுல ப்ரோமிலைன்னு ஒரு நொதி இருக்கு, அது பால் தயிருல இருக்குற புரோட்டீன உடைச்சு கசப்ப கொண்டு வந்துடும். சூடு பட்டா அந்த நொதி செயலிழந்து போகும். அதனால சின்னதா நறுக்கி ஒரு ஸ்பூன் கருப்பட்டி போட்டு வெள்ளம் வத்துற வரைக்கும் வதக்கி, ஆற வச்சு, ஒரு ஸ்பூன் மாவுல புரட்டி கடைசியா போடுங்க. மாவு புரட்டுறது துண்டு எல்லாம் அடியில போய் உக்காராம இருக்க. அன்னாசி போடும்போது மசிச்ச பழத்த 200 கிராமா குறைச்சுக்கோங்க.

சக்கைக்கு, அதாவது பலாப்பழத்துக்கு, இன்னும் சுலபமான வழி இருக்கு. வருக்கை சுளைய பொடிசா நறுக்கி போடலாம். கூழன் நார் நாரா இருக்கும், மிக்ஸியில அடிச்சு அரிச்சு தான் எடுக்கணும். வீட்டுல சக்கை வரட்டி (பலாச்சுளைய இனிப்பு சேத்து கெட்டியா கிளறினது) இருந்தா இந்த பாடே இல்ல, நாலு ஸ்பூன் எடுத்து பழத்தோட கலக்கிடுங்க, கருப்பட்டிய 80 கிராமா குறைச்சிடுங்க. மழைக்காலத்துல சக்கை கிடைக்காத நேரம் இந்த மஃபின கொண்டு போய் மயினி வீட்டுல குடுத்தா அப்புறம் அவங்க வீட்டு வரட்டி பாட்டில் நம்ம வீட்டுக்கு தானா வரும்.

மார்த்தாண்டம் தேன் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு, மாவுல போடாதீங்க. சூட்டுல அந்த வாசம் எல்லாம் போயிடும், தேன் சீக்கிரம் கருகவும் செய்யும். சுட்டு எடுத்து ஆறின அப்புறம் மேல மெல்லிசா தடவுங்க, வாசமும் நிக்கும், போட்டோவுல ஒரு மினுமினுப்பும் கிடைக்கும்.

சூடா இருக்கும்போது பிச்சு பாக்காதீங்க, உள்ள ஆவி அடங்கல, பிசு பிசுன்னு தான் இருக்கும், பேப்பரும் சதையோட பிஞ்சு வரும். டிரேயில இருந்து அஞ்சு நிமிஷத்துல எடுத்து கம்பி ஸ்டாண்டுல வைங்க, டிரேயிலயே விட்டா அடி நனைஞ்சிடும். நம்ம ஊர் புழுக்கத்துல வெளிய வச்சா ரெண்டு நாளைக்கு மேல பூஞ்சை பிடிக்கும், ஃப்ரிட்ஜ்ல வச்சா தேங்காயெண்ணெய் உறைஞ்சு கட்டையா போகும். ரெண்டு நாளைக்கு வேண்டியத டப்பாவுல வச்சுக்கிட்டு மீதிய ஃப்ரீசர்ல போடுங்க, திங்குறதுக்கு முன்னாடி தோசைக்கல்லுல மூடி போட்டு ரெண்டு நிமிஷம் காட்டினா போதும்.

இனி போட்டோ. கருப்பட்டி கோதுமை மஃபின்ல ஒரு கஷ்டம் உண்டு, நேர்ல எவ்வளவு நல்லா இருந்தாலும் போன்ல எடுத்தா வெறும் கறுத்த உருண்டையா தெரியும். அதுக்கு காரணம் போன் இல்ல, ட்யூப் லைட்டு. மேல இருந்து தட்டையா விழுற வெளிச்சத்துல வெடிப்பு, துளை, பழத்துண்டு எதுவும் தெரியாது. லைட்ட அணைச்சிட்டு ஜன்னல் பக்கமோ சிட்அவுட்டுக்கோ கொண்டு போங்க, வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து இல்லன்னா கொஞ்சம் பின்னால இருந்து சரிஞ்சு வரணும், அப்போ தான் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்து மேடு பள்ளம் புரியும். எதிர்பக்கம் நிழல் ரொம்ப கறுப்பா இருந்தா ஒரு தெர்மாகோல் துண்ட நிறுத்தி வைங்க, வெளிச்சத்த திருப்பி அடிக்கும். ஜன்னல் லைட்டும் ட்யூப் லைட்டும் கலந்து எடுத்தா ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் மஞ்சளா கேவலமா வரும், ஏதாவது ஒண்ண வச்சுக்கோங்க.

மூடம் போட்ட மழைநாள் தான் இதுக்கு ரொம்ப நல்ல நாள், வானமே ஒரு பெரிய வெள்ளைத் துணி கட்டின மாதிரி வெளிச்சத்த பரத்தி விடும். ஜூன் மாசத்துல போட்டோ எடுக்க நேரம் பாக்கவே வேண்டாம். வெயில் நாள்ல காலையிலயோ சாயங்காலமோ, இல்ல உச்சியில தான் எடுத்தாகணும்னா ஜன்னல்ல ஒரு வெள்ளை தோர்த்து (துவட்டுற துண்டு) தொங்க விடுங்க, பழசா நூல் விட்டுப்போன தோர்த்து தான் பெஸ்ட்.

நம்ம ஊருக்கே உள்ள ஒரு தொல்லை, ஜன்னலுக்கு வெளிய வாழையும் மாமரமும் ரப்பரும் நிக்குறதால உள்ள வர்ற வெளிச்சமே பச்சை அடிக்கும். கண்ணுக்கு தெரியாது, போட்டோவுல வெள்ளைத் தட்டு பாசி பிடிச்ச மாதிரி இருக்கும், மஃபின் நோஞ்சானா தெரியும். இலைக்கு பக்கத்துல இல்லாம ஆகாசம் தெரியுற ஜன்னலா பாத்து போங்க, இல்லன்னா போன் எடிட்டர்ல டின்ட்னு ஒரு பட்டை இருக்கும் அத பச்சைக்கு எதிர்பக்கமா, அதாவது ரோஸ் பக்கம், கொஞ்சம் நகர்த்துங்க, தட்டு வெள்ளையாகுற வரைக்கும்.

எடுக்குறதுக்கு முன்னாடி லென்ஸ துடைங்க. எண்ணெய் கையால போன எடுத்திருப்பீங்க, அந்த மங்கல் எந்த எடிட்லயும் போகாது. ஏசி ரூம்ல இருந்து போன கொண்டு வந்தா லென்ஸ் மேல ஆவி படியும், கொஞ்ச நேரம் விடுங்க. மஃபின் பக்கத்துல போய் ஒரு எக்ஸ் (1x) வைட் லென்ஸ்ல எடுத்தா மூக்கு பெருசா தெரியுற செல்ஃபி மாதிரி முன்பக்கம் வீங்கி வரும், ரெண்டடி பின்னால நகர்ந்து ரெண்டு எக்ஸ் போட்டு எடுங்க. மஃபினுக்கு அழகு உயரத்துல தான், அதனால போன மஃபின் மட்டத்துக்கே இறக்கி நேரா, இல்ல லேசா மேல இருந்து சரிச்சு. நேர் மேல இருந்து எடுத்தா வெறும் வட்டம், பன்னு மாதிரி இருக்கும். ஸ்க்ரீன்ல மஃபின் மேல தட்டி பிடிச்சா ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்துல வர்ற சூரியன் மாதிரி குறிய கொஞ்சம் கீழ இழுங்க. கறுத்த பலகை மேல வச்சா போன் அதிகமா வெளுக்க வைக்கும், வெள்ளை வேட்டி மேல வச்சா இருட்டாக்கும், அதுக்கு தக்கன ஏத்தி இறக்கணும். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம்னு தான் சொல்வேன், ஓரத்துல இருக்குற துகளையும் பேப்பர் விளிம்பையும் தின்னுடும்.

பன்னிரண்டுல ஒண்ண தேர்ந்தெடுங்க, எது நல்லா வெடிச்சிருக்கோ அது முன்னால. ஒண்ண கையால பிச்சு வைங்க, கத்தி வேண்டாம், கத்தி உள்ள இருக்குற துளைய எல்லாம் நசுக்கி வழுவழுன்னு ஆக்கிடும். பிச்ச பக்கம் வெளிச்சத்த பாத்து இருக்கட்டும். பக்கத்துல ஒரு மட்டிச் சீப்பு, ஒரு துண்டு கருப்பட்டி, அதுக்கு மேல எதுவும் வேண்டாம். பனையோலைப் பெட்டி, சிரட்டை, செம்பு, குத்துவிளக்குன்னு வீட்டுல இருக்குற எல்லாத்தையும் பரத்தி வச்சா கண்காட்சி ஆகும், மஃபின் எங்கன்னு தேடணும். வாழையிலை வைக்குறவங்க வாட்டின இலைய வைங்க, பச்சை இலை வெளிச்சத்துல கண்ணாடி மாதிரி அடிக்கும், மஃபின் அடியிலயும் பச்சை ஏறும். ஈய ஒருத்தர் விரட்டிக்கிட்டே இருக்கணும், சக்கை மஃபினா இருந்தா ரெண்டு பேர்.

எடிட்ல சாச்சுரேஷன ஏத்தாதீங்க, பிரவுன் உடனே செங்கல் நிறமாகும். நிழல கொஞ்சம் தூக்கி, வார்ம்த் ஒரு பொட்டு கூட்டினா போதும். வீட்டு ஆளுங்களுக்கு அனுப்பும்போது வாட்ஸப்ல சாதாரணமா அனுப்பினா அது அமுக்கி சின்னதாக்கிடும், எச்டிய தட்டி அனுப்புங்க, இல்லன்னா டாக்குமென்டா அனுப்புங்க. யாராவது ஆர்டர் கேட்டு வர்ற அளவுக்கு போச்சுன்னா விலை சொல்றதுக்கு முன்னாடி எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ரெஜிஸ்ட்ரேஷன் போட்டுக்கோங்க, வீட்டுல செஞ்சு விக்குறவங்களுக்கும் அது வேணும்.